பழுப்புப் பிளாஸ்டர்

ஏப்ரல் 17, வெள்ளி

நம் ஷெட்டிலிருந்து நேற்றுப் போன நண்டுச் சதை டப்பா ஒன்றில் பிளாஸ்டர் துண்டு கிடைத்திருக்கிறது. டப்பாவில் மேசை நான்கு என்று சீட்டு இருந்தது. மேசை நான்கில் வேலை பார்க்கும் சலேத்தை இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வேலையை விட்டு நிறுத்தினேன்.

பத்தே முக்காலுக்குக் கம்பெனியிலிருந்து கிருபாகரன் கூப்பிட்டார். தரம் பார்க்கிற அதிகாரி. சத்தமே போடாத மனிதர், அதுதான் பயம்.

"கஸ்பார் சார், ஆள் யாருன்னு இன்னிக்கே பேரோட எழுதி அனுப்புங்க. ஆளை நிறுத்தியாச்சுன்னும் எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு வண்டி வராது."

வண்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவித்து உடைத்த சதை ஐஸில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் கடலில் கொட்ட வேண்டியதுதான். தடைக்காலம் தொடங்கிவிட்டதால் விசைப்படகு இல்லை; நாட்டுப்படகு கொண்டுவரும் நண்டுக்கு ஆறு வியாபாரிகள் அடித்துக்கொள்கிறார்கள். நான் பதினாறு படகுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு கம்பெனியைத் தவிர எனக்கு வேறு வாசல் இல்லை.

மேசை நான்கில் ஆறு பெண்கள். ஒரு பெயர் எழுதியாக வேண்டும். சலேத்தின் பெயரை எழுதினேன். போன மாதம் ஆய்வுக்கு வந்தவர்கள் குறை ஏதும் உண்டா என்று கேட்டபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருக்க, "காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லுதாவ, நண்டு ஒம்பது மணிக்குத்தான் வருது. அந்த மூணு மணி நேரம் யாரு கணக்கு?" என்று கேட்டவள் அவள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேசையின் ஓரத்தில் இருந்து டப்பாவை மூடுகிறவள் என்பதால் எழுதினேன்.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பத்து வெரலையும் பாருங்க அண்ணாச்சி. எங்கயாவது ஒரு கீறல் இருக்கா?"

"ஆறிப்போயிருக்கும்."

"ஒரே நாள்லயா? எந்த ஆஸ்பத்திரில?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். போ என்று சொல்லிவிட்டேன்.

ஐஸ் நாற்பது பார். டீசல் இருபது லிட்டர். ஜெனரேட்டர் மெக்கானிக் இன்றும் வரவில்லை. வலது பெருவிரல் வலிக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை ஐஸ் பெட்டித் தகரம் கிழித்தது.

ஏப்ரல் 18, சனி

வண்டி வந்தது. நூற்றுப் பத்து கிலோ ஏற்றினேன்.

பிளாஸ்டரின் படத்தைக் கம்பெனி அனுப்பியிருக்கிறது. அதை ஷெட் பலகையில் ஒட்ட வேண்டுமாம், கூடவே நிறுத்தப்பட்டவரின் பெயரையும். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்குமாம். சூப்பர்வைசர் டெல்பின் அச்செடுத்து ஆணி குத்தி மாட்டினாள். நான் படத்தை ஒருமுறை பார்த்தேன், போதும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சலேத் எப்போதும் உட்காரும் இடத்திலேயே, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தாள். மகளும் பக்கத்தில். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மே ஒன்றாம் தேதி தொழிலாளர் சூசையப்பர் திருநாள். அதற்கு முன் தெருவாரியாகக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் போட்டு, உழைப்பைப் பற்றித் திருச்சபை சொல்வதை எல்லாரும் வாசித்துப் பேச வேண்டும் என்று பங்குச்சாமி அறிவித்தார். எங்கள் தெருவுக்கு 24ஆம் தேதி. "கஸ்பார் நல்லா வாசிப்பார், ஒரு பகுதிய அவருக்குக் கொடுங்க" என்று பீடத்திலிருந்தே சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வணக்கம் போட்டேன்.

வீட்டில் மீன் குழம்பு. சாப்பிடும்போது மனைவி ரோசலின் என் கையைப் பார்த்துக் கேட்டாள். "நா ஒட்டிவிட்ட பிளாஸ்டர் எங்க?"

"குளிக்கையில விழுந்துட்டு."

அவள் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். குழம்பில் உப்புக் கூடுதல்.

ஏப்ரல் 20, திங்கள்

ஷெட்டில் சத்தம் இல்லை. நாற்பத்தொரு பெண்கள் நண்டு உடைக்கும்போது கடைத்தெரு மாதிரி இருக்கும். மாமியார் கதை, நாடகக் கதை, ஜெபமாலை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இன்று ஓடு உடைகிற சத்தம் மட்டும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பலகைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களும் நிற்கிறார்கள். படத்தைப் பார்க்கப் படிப்பு வேண்டாமே.

இந்த டைரியை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் காயம்பட்டால் நீலப் பிளாஸ்டர்தான் ஒட்ட வேண்டும். உலகத்தில் நீல நிறத்தில் தின்கிற பொருள் கிடையாது. சதைக்குள் விழுந்தால் உடனே கண்ணில் படும். நீலப் பிளாஸ்டர் டெல்பின் பெட்டியில் பூட்டியிருக்கிறது. வாங்கினால் பதிவேட்டில் கையெழுத்து. காலையில் வாசலில் நின்று நாற்பத்திரண்டு பேர் கையையும் அவள் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். வெளிப் பிளாஸ்டரோடு யாரும் உள்ளே போக முடியாது. கையைக் காட்டாமல் உள்ளே போகிற ஆள் ஒருவர்தான் உண்டு.

படத்தில் இருக்கிற பிளாஸ்டர் பழுப்பு நிறம். மருந்துக்கடையில் வாங்கியது. என்னுடையது.

வியாழக்கிழமை மின்சாரம் போய் ஜெனரேட்டரும் இழுத்துக்கொண்டது. சதை சூடேறிவிடும் என்ற பதற்றத்தில் நானே மேசை நான்கில் போய் நின்று, கையுறை இல்லாமல், டப்பாக்களை அமுக்கி அமுக்கி நிரப்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரலில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கிருபாகரன் 'பிளாஸ்டர்' என்று சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

முதலாளி கையே விதியை மீறியது என்று எழுதினால் கம்பெனி என்ன செய்யும்? ஆளை மாற்று என்று சொல்ல முடியாது. ஷெட்டைத்தான் மாற்றும். நாற்பத்திரண்டு பேருக்கும் வேலை போகும். ஒருத்திக்குப் போனதோடு நிற்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அதைத் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் போன் அடித்தால் எடுக்கும் முன் யாரென்று இரண்டு முறை பார்க்கிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மோட்சம் வாயைத் திறந்துவிட்டாள். ஷெட்டிலேயே மூத்தவள். நான் சைக்கிளில் ஐஸ் சுமந்த காலத்திலிருந்து அவளுக்கு என்னைத் தெரியும். அதனால் பயம் கிடையாது.

நான் மேசைகளுக்கு நடுவே போகும்போது, நண்டுக் காலை உடைத்துக்கொண்டே, பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "ஏட்டி டெல்பினு, ஒம் பெட்டில இருக்க நீலப் பிளாஸ்டரெல்லாம் வெளுத்துப் போச்சா பாரு. சலேத்துக்கு நீ குடுத்தது பழுப்பாயிருக்கே."

"நா ஒண்ணும் குடுக்கலக்கா," என்றாள் டெல்பின். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் போன போக்கு!

"குடுக்கலியா? அப்ப அவளா செஞ்சிருப்பா. கெட்டிக்காரி. வேலையும் பாத்து, வீட்டுல பிளாஸ்டரும் செஞ்சி..."

மேசை நான்கில் ஒருத்தி முகமூடிக்குள் சிரித்தாள். பிறகு ஒரு வரிசை முழுவதும் குலுங்கியது.

"பேச்சைக் குறைச்சிட்டு வேலையப் பாருங்க," என்றேன்.

"நாங்க வேலையத்தான் பாக்கோம் அண்ணாச்சி. கூடவே பலகையையும் பாக்கோம்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

பக்கத்து ஊர் ஷெட் முதலாளி போன் செய்தார். "ஒம்ம ஷெட்டுப் பிள்ளை ஒண்ணு வேலை கேட்டு வந்து நிக்கி ஓய். சலேத்துன்னு பேரு. கை நல்ல வேகம். ஆனா பிளாஸ்டர் கேஸாம்ல? எடுக்கட்டுமா வேண்டாமா?"

எடும் என்று சொன்னால் ஏன் நீர் விட்டீர் என்று கேட்பார்.

"ஒம்ம இஷ்டம்," என்றேன்.

"சரி, வெளங்கிட்டு," என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எழுதியது ஒரு பெயர். இன்று சொன்னது இரண்டே சொல். இரண்டில் இதுதான் மோசம் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை நெருக்கடி இருந்தது. இன்று என்ன இருந்தது?

மாலையில் ஒரு கவரில் இரண்டாயிரம் ரூபாய் வைத்து டெல்பினிடம் கொடுத்து அனுப்பினேன். அரை மணியில் கவர் திரும்பி வந்தது. சலேத் சொல்லி அனுப்பியதை டெல்பின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தர்மம் வாங்குற அளவுக்கு இன்னும் வரலையாம்."

ஏப்ரல் 23, வியாழன்

ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. இரண்டு முறை வாந்தி வந்தது. பித்தம் என்றாள் ரோசலின்.

ஏப்ரல் 24, வெள்ளி

அன்பியக் கூட்டம். எங்கள் தெருவில் பெரிய முற்றம் எங்களுடையதுதான் என்பதால் எங்கள் வீட்டிலேயே. முப்பது பேர், அதில் பதினொரு பேர் நம் ஷெட்டுப் பெண்கள். மோட்சம் முன்வரிசை. சலேத் கடைசியில், கதவோரம். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஏன் வரக்கூடாது? அவளும் அதே தெரு.

சாமி கொடுத்த தாளை வாங்கிக்கொண்டேன். வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு: படிக்காமல் எதையும் கையில் எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டேன்.

உழைப்பு மனிதனுக்காக இருக்கிறது என்று ஆரம்பித்தது. உழைப்பவரை இயந்திரத்தின் ஒரு துண்டு போல, தேய்ந்தால் கழற்றி எறிகிற பாகம் போல நடத்தக்கூடாது. கூலி கொடுப்பது இரக்கம் அல்ல, நீதி. இதுவரை தடங்கலில்லாமல் வாசித்தேன். அடுத்த வரி: உழைப்பவருக்குக் கூலிக்கு மேலும் ஒன்று உரியது, அது அவருடைய நல்ல பெயர், அதைப் பறித்தவர் அதைத் திருப்பித் தரும்வரை கடன்காரரே.

தண்ணீர் கேட்டேன். ரோசலின் கொண்டுவந்தாள்.

"மெதுவா வாசிங்க அண்ணாச்சி," என்றாள் மோட்சம். "அந்தக் கடைசி வரி எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொருக்க வாசிச்சா நல்லாருக்கும்."

இன்னொருமுறை வாசித்தேன்.

வாசித்ததைப் பற்றி யாராவது பேசுங்கள் என்றார் சாமி. ஒரு பெரியவர் மட்டும் அந்தக் காலத்தில் முதலாளிகள் நல்லவர்களாக இருந்தார்கள் என்று ஆரம்பித்து, தன் முதலாளி தன்னை அடித்த கதையில் போய் முடித்தார். சலேத் சுண்டல் வாங்காமல் போனாள்.

ஏப்ரல் 25, சனி

பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நான் சொன்னதை எழுதலாம், அது என்னுடையது.

முழுதும் சொன்னேன். தொழிலில் இப்படி ஒரு இக்கட்டு, நாற்பத்திரண்டு குடும்பம், இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று. சாமி வலைத் தடுப்புக்கு அருகே குனிந்தார்.

"எடுத்த பொருளை மடியில வச்சிக்கிட்டே மன்னிப்புக் கேக்கிறீங்க."

"நான் யார் பொருளையும் எடுக்கல சாமி."

"அவ பேர எடுத்தீங்க."

இந்த வருடத் திருநாள் அசன விருந்தின் முழுச் செலவும் என்னுடையது, ஆயிரம் பேருக்கு ஆட்டுக்கறியோடு, என்றேன். அவளுடைய மகள் கல்லூரிச் செலவையும் ஏற்கிறேன் என்றேன்.

வலைக்குப் பின்னால் சாமி சிரித்தது போல இருந்தது. "கஸ்பார், இது மீன் ஏலக் கூடம் இல்ல. போய்ச் சரிபண்ணிட்டு வாங்க. நான் எங்கேயும் போகமாட்டேன்."

முப்பத்தைந்து வருடத்தில் பேரம் படியாமல் திரும்பிய இடம் அது ஒன்றுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, நற்கருணை அப்பத்துக்காக, வரிசையில் போனார்கள். நான் எழவில்லை; பாவம் தீராதவன்தான் அப்படி உட்கார்ந்திருப்பான். எங்கள் ஊரில் இதைவிட உரக்க ஒன்றைச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ரோசலின் சேலைகூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு எப்பவோ தெரியும். அந்தப் படத்த டெல்பின் போன்ல பாத்தேன். நுனிய மடிச்சி ஒட்டியிருக்கு. அப்பதான் உரிக்க வசதின்னு நா எப்பவும் அப்படித்தான மடிப்பேன். எங் கை ஒட்டுனது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். ஒம்பது நாளாப் பாக்கேன்."

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்று போக வேண்டும் என்று கிளம்பி, ஐஸ் கம்பெனி வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று மாலை ஐந்து மணிக்குச் சலேத்தின் வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தாள். கிலோவுக்கு இவ்வளவு என்று யாரோ கொடுத்த வேலை. நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"அந்தப் பிளாஸ்டர் என்னுது," என்றேன்.

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"வியாழக்கிழமை நீங்க டப்பா அமுக்கையில எம் பக்கத்துலதான நின்னிய. பெருவெரல்ல பாத்தேன். சொல்லணும்னு வாயெடுத்தேன். மொதலாளிட்ட எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன்." ஈயக் குண்டு ஒன்றை நசுக்கினாள். "அதுதான் நாஞ் செஞ்ச தப்பு. அதுக்கு வேணா என்ன நிறுத்துங்க, சரின்னு போறேன்."

திரும்ப வேலைக்கு வா என்றேன். பத்து நாள் போகட்டும், கம்பெனி மறந்துவிடும், வேறு மேசையில், பதிவேட்டில் உன் சித்தி மகள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சலேத் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எம் பேர எடுத்துட்டு, இன்னொருத்தி பேரத் தாறியளா அண்ணாச்சி?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"கம்பெனிக்கு எழுதுங்க. ஒங்க கைன்னு."

"எழுதினா ஷெட்ட மூடிருவான். நாப்பத்திரண்டு பேரு..."

"நாப்பத்திரண்டு நாப்பத்திரண்டுங்கிய. அதுல ஒருத்தியிட்டயாவது கேட்டியளா? அவளுவளுக்காகத்தான் எனக்கு இதச் செஞ்சிய. அப்ப அவளுவளயே கேளுங்க. சலேத்தப் பலி குடுத்துட்டு நாம வேலை பாப்பமா, இல்ல உள்ளதச் சொல்லி வாறதப் பாப்பமான்னு. அவளுவ பலி குடுங்கன்னா, நா இனி ஒண்ணும் கேக்கல."

இந்த ஷெட்டை ஆரம்பித்ததிலிருந்து நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

ஏப்ரல் 29, புதன்

கேட்டேன்.

காலை ஏழு மணி. நண்டு வரவில்லை. எல்லாரும் மேசையோரம் காத்திருந்தார்கள். பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிளாஸ்டர் என்னுடையது, சலேத் மேல் பழி போட்டேன், பக்கத்து ஊரிலும் அவளுக்கு வேலை கிடைக்காமல் செய்தேன், இப்போது கம்பெனிக்கு உண்மையை எழுதினால் ஷெட் மூடலாம். என்ன செய்ய?

"இதச் சொல்ல பன்னெண்டு நாளா?" என்றாள் மோட்சம். "நா மூணு நாள்னு பந்தயம் கட்டியிருந்தேன். தோத்துட்டேன்."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது, மேசை ஆறில் ஒருத்திக்கு. கடன் இருக்கிறது, வேலை போனால் வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்பான் என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். நான் இடையில் பேசப் போனபோது, "நீங்க கேட்டியல்லா, இப்பச் சும்ம இருங்க" என்றார்கள்.

ஒருமணி நேரம். கடைசியில் கை தூக்கினார்கள். முப்பத்து நான்கு பேர் எழுது என்றார்கள். கடன்காரியும் தூக்கினாள், கடைசியாக. "நாளைக்கு இவரு தலையில இருந்து முடி விழும். அப்பம் எம் பேர எழுதுவாரு. அதுக்கு இதே மேல்," என்றாள்.

அதோடு விடவில்லை. எழுதுவதோடு சேர்த்து இரண்டு கேட்டார்கள். இனி முதலாளியும் வாசலில் டெல்பினிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நண்டுக்காகக் காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி வேண்டும். மணிக்கு அறுபது ரூபாய். நான் முப்பது என்றேன். தப்பை ஒப்புக்கொண்ட வாயிலிருந்து உடனே முப்பது என்று வந்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாற்பத்தைந்தில்தான் முடித்தேன்.

பலகையில் இருந்த படத்தைக் கிழிக்கக் கை வைத்தேன். மோட்சம் தடுத்தாள். "அது ஒங்க பொருளில்ல. அதுக்குரியவ வந்து கிழிப்பா."

பிற்பகல் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். நாற்பத்தொரு பேரும் தனித் தாளில் கையெழுத்தும் கைநாட்டும் போட்டு, அன்று நடந்ததை எழுதிச் சேர்த்தார்கள். பக்கத்து ஊர்க்காரருக்கும் எல்லார் முன்னாலும் போன் போட்டேன். "தப்பு என் கை ஓய், அவ கை இல்ல," என்றேன். அவர், "இத இப்பச் சொல்லுதீரே, நா வேற ஆள எடுத்துட்டனே," என்றார்.

ஏப்ரல் 30, வியாழன்

காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அடித்தது. வீட்டு எரிவாயு சிலிண்டர்க்காரன். பத்துக்கு அடித்தது, ரோசலின், பதில் வந்துவிட்டதா என்று. அதன் பிறகு அடிக்கவே இல்லை. பதினொன்றரைக்குக் கிருபாகரனுக்கு நானே அடித்தேன்; எடுக்கவில்லை. நண்டு அவிந்துகொண்டிருந்தது. ஏற்ற வண்டி வருமா என்று தெரியாமல் அவிக்கிறோம் என்று நினைக்க நினைக்க வியர்த்தது.

பன்னிரண்டே காலுக்குக் கிருபாகரன்.

"கலரை நானும் அன்னிக்கே பாத்தேன் சார். கேக்கல. நீங்க பேர் அனுப்பிட்டீங்க, என் ஃபைல் முடிஞ்சுது. இப்போ திறந்துட்டீங்க."

வண்டி வரும். ஆனால் மறுஆய்வு, அதன் செலவு என்னுடையது. அதுவரை எல்லா டப்பாவும் இரண்டு முறை சோதனை. மூன்று மாதத்துக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்து எடுப்பார்கள். இருபதைப் பதினைந்தாக்க முயன்றேன். முடியவில்லை. பரவாயில்லை. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டெல்பின் பயந்து விசிறினாள்.

மாலையில் சலேத் வந்தாள். படத்தையும் தன் பெயர் எழுதிய தாளையும் கிழிக்கவில்லை. முள் எடுப்பது போல நான்கு ஆணியையும் பிடுங்கி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மே 1, வெள்ளி

திருநாள். காலையில் பூசைக்கு முன் சாமியிடம் போனேன். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை. வரிசையில் போய் நன்மை வாங்கினேன்.

அசனத்தில் முதலாளிகள் பரிமாற வேண்டும் என்பது எங்கள் பங்கில் வழக்கம். சோற்று வாளியோடு நம் ஷெட்டுப் பெண்கள் இருந்த பந்திக்குப் போனேன். இலையை இழுத்துக்கொள்வார்களோ என்று ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் நின்றுதான் போட்டேன். யாரும் இழுக்கவில்லை. "கறி எங்க, வெறுஞ் சோத்தக் கொண்டாந்துட்டாவ," என்றாள் மோட்சம்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் வைத்துச் சலேத்திடம் பேசினேன். கவரில் பத்தாயிரம் வைத்திருந்தேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு என்ன வரணுமோ அது போதும். பதினோரு நாளு வேலை. எஞ் சராசரி முந்நூத்தி எம்பது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துல அனுப்பினிய, அந்த அரை நாளு."

"மே ஒண்ணு?"

"அது எல்லாருக்கும் உள்ளதுதான, எனக்கும் உண்டு. அத எதுக்கு இதுல சேக்கிய?"

நாலாயிரத்து முந்நூற்று எழுபது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைக் கவரோடு தந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. எம் பேரு அந்தப் பலகையில தொங்குச்சு. இனி நீங்க ஒரு தாள் எழுதி ஒட்டணும். ஒங்க கை, ஒங்க பேரு, ஒங்க கையெழுத்து."

"அதான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே."

"சொன்னது அன்னைக்கு இருந்தவளுவளுக்கு. வண்டிக்காரன் வாறான், ஐஸ்காரன் வாறான், அவனுவல்லாம் எம் பேரத்தான படிச்சானுவ?"

மூன்று நாள் ஒட்டுகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். ஐந்து என்றேன். "எம் பேரு தொங்குனது பதினோரு நாளு," என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் போனாள். ஞாயிறு சேருமா என்று கேட்டேன். பூட்டிக் கிடக்கிற ஷெட்டில் யார் படிப்பார்கள், சேராது என்றாள்.

நாளை முதல் சலேத் மேசை நான்கில், பழைய இடத்தில். என் தாள் பலகையில் மே 2 முதல் 14 வரை, ஞாயிறு நீங்கலாகப் பதினோரு நாள்.